உட்கார்ந்து சொன்ன குறை

என் கணவர் யாரையும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அவர் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். தங்கமான மனுஷர், ஒரு கூலியாளைக்கூடக் கைநீட்டாதவர் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு அவர் மேனேஜராகப் போனபோது வெள்ளைக்காரன் இன்னும் நாட்டை ஆண்டுகொண்டிருந்தான். எங்கேயோ சண்டை நடந்துகொண்டிருந்தது. தீப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. மலைக்கு ரோடு கிடையாது. காரவள்ளி வரைக்கும் மாட்டு வண்டி, அதற்கு மேல் நடைதான். என்னை டோலியில் வைத்துத் தூக்கினார்கள். அவர் டோலியில் ஏற மறுத்துவிட்டார். மனிதனை மனிதன் சுமப்பது பாவம் என்று தூக்குகிறவர்களிடமே விளக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்துவந்தார். அவர்களுக்கு மூச்சு வாங்கியது. அதோடு இவர் பேச்சுக்கு "ஆமாங்க" போடுகிற வேலையும் சேர்ந்துகொண்டது. அவருடைய புத்தகப் பெட்டியை இன்னொரு ஆள் தலையில் சுமந்து பின்னால் வந்தான். பெட்டி சுமப்பதைப் பற்றி அவருக்குக் கொள்கை எதுவும் இருக்கவில்லை.

அவரை அங்கே அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் இருந்த மேனேஜர் பிரம்பு வைத்திருந்தான். கீழ்நாட்டுக் கூலிகளை அடித்துப் பழகியவன். மலைக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஆளுக்குக் கொஞ்சம் சொந்த நிலம் உண்டு. சாமையும் கேழ்வரகும் விளையும், அதில் சாப்பிட்டுக்கொள்வார்கள். காப்பிப் பழம் எடுக்கிற காலத்தில் மட்டும் தோட்டத்துக்கு வருவார்கள். ஒருவனை அடித்தால் மறுநாள் ஊரே வராது. பழம் செடியிலேயே கறுத்து உதிரும். சேலத்தில் இருந்த முதலாளி இரண்டு பருவம் நஷ்டப்பட்ட பிறகு, அடிக்காமல் ஆளை வேலை வாங்கத் தெரிந்த ஒருவரைத் தேடினார். என் கணவர் கோயமுத்தூரில் ஒரு மில்லில் ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்தவர். தொழிலாளியின் மனத்தை வெல்வது எப்படி என்று சீமையில் அச்சடித்த புத்தகங்களை வரவழைத்துப் படித்தவர். இவரைவிட்டால் வேறு யார் கிடைப்பார்கள்?

வந்த அன்றைக்கே அந்தப் பிரம்பை எல்லார் முன்னாலும் ஒடித்து அடுப்பில் போட்டார். மத்தியானத்தில் எல்லாருக்கும் வெல்லம் போட்ட காப்பி கொடுக்கச் சொன்னார். யாருடைய குழந்தைக்குக் காய்ச்சல், யாருடைய மாடு ஈன்றது என்றெல்லாம் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்வார். "என்ன கண்ணு, உங்கம்மாவுக்கு இருமல் தேவலையா" என்று கேட்பார். ஆட்கள் வந்தார்கள். நன்றாகவே வேலை நடந்தது. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் அவருக்கு அது போதவில்லை. வேலை நடந்தால் மட்டும் போதாது, மனம் திறக்க வேண்டும் என்பார். மனம் திறப்பது என்ற அந்த வார்த்தையை இன்றைக்கு யாராவது சொன்னாலும் எனக்கு எரிச்சல் வரும். முதலில் என்னிடம்தான் பரீட்சை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிரே உட்காரவைப்பார். ஒருவர் குறையை ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும், யாரும் கோபப்படக் கூடாது என்பது ஏற்பாடு. என் குறைகளை அவர் அன்பாகச் சொல்வார். குரல் பெரிசு, கோபம் அதிகம், கூலிக்காரப் பெண்களோடு பல் தெரியச் சிரிக்கிறேன். பிறகு அவர் குறையைச் சொல்லச் சொல்வார். முதல் தடவை, "நீங்க யார் பேச்சையும் காதில வாங்கறதில்ல" என்றேன். அவர் புன்னகையோடு, அது ஏன் அப்படி இல்லை என்று சாப்பாட்டு வேளை வரைக்கும் எனக்கு விளக்கினார். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "ஒரு குறையுமில்லை" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் இவ்வளவு நன்றாக நடந்ததைத் தோட்டத்திலும் நடத்த ஆசைப்பட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் காப்பி காயவைக்கிற களத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். அவரும் அவர்களோடு தரையில் உட்காருவார். கூட வேலை செய்கிறவரிடம் என்ன குறை, மேனேஜரிடம் என்ன குறை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னவருக்கும் தண்டனை இல்லை, சொல்லப்பட்டவருக்கும் தண்டனை இல்லை.

ஆட்களை அழைத்து வருகிறவர் அவர்களுடைய ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார், கையில் எப்போதும் ஒரு தடி இருக்கும். முதல் சனிக்கிழமை அவர் நீண்ட நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து தடியைத் தமக்கு முன்னால் தரையில் கிடத்தினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. இவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துத் தலையசைத்து உற்சாகப்படுத்தினார். மழை தூறியதும் எழுந்து போனார்கள். அடுத்த சனிக்கிழமையும் அப்படியேதான் ஆயிற்று. முன்பிருந்தவன் பிரம்பால் பயமுறுத்திவைத்துவிட்டான், அந்தப் பயம் தெளிய நாளாகும் என்று என் கணவர் பரிதாபப்பட்டார்.

பயமெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு நாள் எங்கள் பங்களாவின் பின்பக்க வேலியோரம் ஊர்க்கவுண்டர் வந்து நின்றார். அவர் என்னிடம் வந்ததே, நேரே சொன்னால் மேனேஜருக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்றுதான்.

"அம்மணி, எங்கூர்ல நின்னுக்கிட்டுப் பேசறது பேச்சுங்க, அது அப்பவே போயிரும். சனம் வட்டமா ஒக்காந்து தடியக் கீழ வெச்சுட்டா, அங்க சொல்றது வழக்குங்க. சொன்னவங்க திரும்ப எடுக்க முடியாது. தீக்காம நாங்களும் எந்திரிக்க முடியாது. இவரு ஒக்கார வெச்சுக் கொற சொல்லச் சொல்றாருங்க. நின்னு கேக்கச் சொல்லுங்க, எல்லாத்தையுஞ் சொல்றோம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்? அன்றைக்கே என் கணவரிடம் சொன்னேன், ஊர்க்கவுண்டர் சொன்னபடியே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நின்றால் நான் அதிகாரி, அவர்கள் கூலிகள், உட்கார்ந்தால்தான் எல்லாரும் சமம், அதனால்தான் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். தரையில் உட்கார்ந்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை. வெள்ளை வேட்டியில் களத்துச் செம்மண் ஒட்டியிருந்தால் அதைத் தட்டிவிடாமல் வீடு வரைக்கும் காட்டிக்கொண்டு வருவார்.

அந்த வேட்டியைத் துவைத்தவளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

எங்களுக்கு ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து, துணி துவைத்துவிட்டு, பிறகு பழம் எடுக்கப் போவாள். புருஷன் கீழே வேலைக்குப் போய்த் திரும்பி வராதவன். ஒரே ஒரு மகள். பழம் எடுப்பதில் அவள் கைவேகம் யாருக்கும் வராது. வாயும் அதே வேகம்தான். நான் பல் தெரியச் சிரித்தது இவளோடுதான். மகளுக்கு மலையிலேயே வேறு ஊர்க்கூட்டமான பெரக்கரை நாட்டில் மாப்பிள்ளை பார்த்துத் தையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கிற பரியமாகத் தானியம் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். புருஷன் இல்லாத பெண் தன் மகளுக்கு நல்ல இடம் பிடித்துவிட்டாள் என்பதில் அவளுக்கு நடையே மாறியிருந்தது. எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் கல்யாணத்தில் கொண்டுபோய் முடிப்பாள்.

அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. சின்ன வயசிலிருந்து பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்று வேலை செய்தவர்கள். சிநேகிதிக்கு ஐப்பசியில்தான் குழந்தை பிறந்திருந்தது. மார்கழிக் குளிரில் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வருவாள். குழந்தை இருமுகிற சத்தம் பங்களா வரைக்கும் கேட்கும்.

மார்கழியில் என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. அப்போதும் திட்டவில்லை, அவர் திட்டவேமாட்டாரே. ஒரு புதுக் கம்பளியைக் கொண்டுபோய்க் களத்தின் நடுவில் வைத்தார். முதலில் மனம் திறந்து ஒரு குறையைச் சொல்கிறவருக்கு இந்தக் கம்பளி என்றார். நான் பங்களா வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருடைய கண்ணும் கம்பளிமேல் போய்விட்டுத் திரும்பியது. அந்தச் சமயம் பார்த்துக் குழந்தை இருமியது.

சிநேகிதி எழுந்து நின்றாள். நின்றுகொண்டே சொல்லிவிட்டால் அது வெறும் பேச்சு, கம்பளியும் கிடைக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை என்று கணக்குப் போட்டிருப்பாள். அவள் புத்திசாலி. யாருடைய குறையைச் சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டாளோ அவளுடைய குறையை எடுத்தாள். என்னுடைய தண்ணீர்க்காரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். என் கணவர் கையமர்த்தினார்.

"ஒக்காந்தே சொல்லு கண்ணு. இங்க யாரும் யாருக்கும் எந்திரிக்க வேண்டியதில்ல."

அவள் ஊர்க்கவுண்டரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இவர் எழுந்து அவளிடம் போய்த் தோளைத் தொடாமல், அவ்வளவு பண்பாக, கையால் தரையைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். அதற்குள் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் குழந்தை முதுகில் இருமிக்கொண்டிருந்தது.

"இவ பழத்தோட பச்சக்காயும் சேத்துப் பறிக்கறாளுங்க" என்றாள்.

பச்சைக்காய் சேர்ந்தால் கூடையில் எடை கூடும். செடியோரம் வேலை நடக்கும்போது ஒருத்தியை ஒருத்தி கேலி செய்ய நாளுக்குப் பத்து தடவை சொல்லிக்கொள்கிற வார்த்தைதான் அது. சபையில் உட்கார்ந்து சொன்னபோது அதற்குப் பெயர் களவு. வட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு வராந்தாவிலிருந்தே தெரிந்தது. சொன்னவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டு, சும்மா சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அழ ஆரம்பித்தாள். யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டுக்கொள்ளவும் வழியில்லை. ஊர்க்கவுண்டர் தண்ணீர்க்காரியைப் பார்த்து, உண்டா இல்லையா என்றார். அவள் இல்லை என்றாள். அவர் என் கணவரிடம் திரும்பினார்.

"நீங்களும் ஒக்காந்திருக்கறீங்க. அவ கூடைய உங்க முன்னாலதான் கொட்டறா. பச்சக்காய் இருந்துச்சா இல்லீங்களா, அத மட்டுஞ் சொல்லுங்க."

இல்லை என்ற ஒரு சொல் போதும். அவர் எந்தக் கூடையையும் குனிந்து பார்த்தவர் இல்லை. கூடையைக் கொட்டும்போது கொட்டுகிறவளின் முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்ய வேண்டும் என்பது அவருடைய புத்தகப் பாடம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவருக்கோ முதல் முறையாக மனம் திறந்துவிட்ட மகிழ்ச்சி. குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"எல்லார் கூடையிலயும் கொஞ்சம் பச்சக்காய் இருக்கத்தான் செய்யும். இவ கூடையிலயும் இருந்திருக்கும். அது பெரிய தப்பில்ல. ஒத்துக்கிட்டுத் திருத்திக்கிட்டாப் போதும்."

சாட்சி கிடைத்துவிட்டது. ஊர்க்கவுண்டர் அவளை எழுந்து வந்து சபை முன்னால் விழுந்து தப்பை ஒப்புக்கொள்ளச் சொன்னார். விழுந்தால் வழக்கு அத்தோடு முடியும், ஆனால் களவு செய்ததாக ஒப்புக்கொண்டவளின் மகளைப் பெரக்கரைக்காரர்கள் எடுக்கமாட்டார்கள். விழாவிட்டால் ஊர் தள்ளிவைக்கும், தள்ளிவைத்த வீட்டிலும் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். இந்த இரண்டையும் அவள் அங்கேயே உட்கார்ந்து யோசித்திருப்பாள். முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பறிக்காத காய்க்கு நான் உளுவமாட்டனுங்க" என்றாள்.

ஊர்க்கவுண்டர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். அவளைச் சுற்றி இடம் விட்டு விலகிப் போனார்கள், பெற்ற தகப்பன் உட்பட. அவள் மட்டும் நடுக்களத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கணவர் கை தட்டினார். ஆமாம், தட்டினார், நான் பார்த்தேன். பிறகு கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சிநேகிதியின் தோளில் போர்த்தினார். அவள் அழுதுகொண்டே அதை இழுத்துக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

தள்ளிவைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. யாரும் ஒரு வார்த்தை வையமாட்டார்கள். ஊற்றில் அவள் குடத்தை இறக்கினால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நிற்பார்கள். அடுப்புப் பற்றவைக்க யார் வீட்டிலும் நெருப்பு கிடைக்காது. பழம் எடுக்கப் போனால் அவள் நிற்கிற வரிசைக்கு இரண்டு பக்கமும் வரிசை காலியாக இருக்கும். அவ்வளவு பேசுகிறவள் நாள் முழுக்கச் செடியோடு நின்றுவிட்டு வருவாள். மகளைக் கூப்பிட்டுப் பேசக்கூட அந்த ஊரில் ஒரு குழந்தை வராது. பெரக்கரைக்காரர்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று, பரியத் தானியத்தைத் திரும்ப வாங்கி மூட்டை கட்டிக்கொண்டார்கள். தை பிறப்பதற்குள் வழக்குத் தீர்ந்தால் சொல்லி அனுப்பும்படியும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கப் போவதாகவும் ஊர்க்கவுண்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் அவளுக்கு ஒரு தீப்பெட்டி கொடுத்தேன். தீப்பெட்டிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். என் கணவர் பார்த்துவிட்டு, இப்படிக் கொடுத்துப் பழக்கினால் தன் காலில் நிற்கிற எண்ணம் அவளுக்குப் போய்விடும் என்று வருத்தப்பட்டார். நான் எதிரே இருந்த செம்பை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அவர் கோபப்படவில்லை. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு என் குறைகளோடு சேர்த்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் களத்துக்கு வந்தார்கள், ஆனால் நின்றுகொண்டே இருந்தார்கள். இவர் மட்டும் தரையில் உட்கார்ந்து, உட்காருங்கள் உட்காருங்கள் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சினார். இருட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். போன வாரம் அவ்வளவு அழகாக ஆரம்பித்தது என்று அவருக்கு மனசு உடைந்துபோயிற்று.

வேலியோரம் ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு, இதைத் தீர்க்க வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். சாட்சி சொன்னவர் சபையில் உட்கார்ந்து, பார்க்காமல் சொன்னேன், தப்பு என்று விழுந்து கும்பிட்டால் அவள்மேல் உள்ள பழி அன்றைக்கே போய்விடும்.

"அவரு உளுவாருங்களா அம்மணி?" என்று கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் கோபத்தைப் பற்றி அன்பாகப் பேசி முடித்துவிட்டு, என்னிடம் என்ன குறை என்று வழக்கம்போலக் கேட்டார். அன்றைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. பார்க்காத கூடைக்குச் சாட்சி சொன்னீர்கள், அதனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோயிற்று, களத்தில் ஒரு தடவை விழுந்து எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும், தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது என்று சொன்னேன். குரலை உயர்த்தாமல் சொன்னேன். இடையில் ஒரு சொல்கூடக் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கும்போது தலையை ஆட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆட்டினார்.

"நீ சொன்னது ரொம்பச் சந்தோஷம்" என்றார். "ஆனா நான் பொய் சொல்லலியே. அவளைக் குத்தவாளின்னும் சொல்லல. தட்டிக்கொடுத்துத்தான் பேசினேன். ஆட்கள் கால்ல மேனேஜர் விழுந்தா, நாளைக்கு யார் இங்க வேலை வாங்கறது?"

சமம் என்பது உட்காருகிற வரைக்கும்தான், விழுகிற வரைக்கும் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவரை வெறுத்தேன். அதற்கு முன்னாலும் வெறுத்திருக்கலாம், ஆனால் அன்றைக்கு அது எனக்கே நன்றாகத் தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் களத்தில் வந்து நின்றபோது, நான் வராந்தாவிலிருந்து இறங்கிப் போய் நடுவில் உட்கார்ந்தேன். மேனேஜர் பெண்சாதி மண்ணில் உட்கார்ந்ததைப் பார்த்து எல்லாரும் திகைத்துவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து தடியைக் கிடத்தினார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவியே உங்களுக்கு வழிகாட்டுகிறாள் என்று சொல்லிக்கொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்தார். தள்ளிவைக்கப்பட்டவள் சபைக்கு வரக் கூடாது. அவள் பங்களா மூலையில், துவைத்த துணிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இவர் அந்தக் கூடையைப் பாக்கல. பாக்காமச் சாட்சி சொன்னார்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர்க்கவுண்டர் அவரிடம் பார்த்தீர்களா என்று கேட்டார். இவர் சிரித்த முகத்தோடு, பார்க்கவில்லைதான் என்றார். இப்படித்தான் எல்லாரும் பேச வேண்டும் என்று வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்படியானால் விழுந்து கும்பிடுங்கள் என்றார் ஊர்க்கவுண்டர். என் கணவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, பேச்சை மாற்றுவதற்காக, அடுத்த கம்பளி என் மனைவிக்குத்தான் என்றார். ஊர்க்கவுண்டர் அவசரப்படவில்லை. வெளிச்சம் மங்குகிற வரைக்கும் காத்திருந்தார். அவ்வளவு நேரமும் நான் துணிகளுக்குக் கீழே தெரிந்த அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவே இல்லை. என் கணவர் எழுந்து, குளிர் அதிகமாகிறது, மற்றதை அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். அவர் மண்ணைத் தட்டிவிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தடி எழுந்தது. எங்களையும் தள்ளிவைத்துவிட்டார்கள். சாட்சி விழாததால் அவள்மேல் இருந்த பழியும் போகவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. பால் வரவில்லை. பழம் சிவந்து, கறுத்து, செடியடியில் கொட்டியது. என் கணவர் ஊருக்குள் நடந்து போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பெயர் சொல்லி நலம் விசாரித்தார். யாரும் வெளியே வரவில்லை. தை பிறந்தது. பெரக்கரைக்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். முதலாளி எங்களைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். தோட்டம் பாழானதற்கு மலைக்காரர்களின் பிடிவாதம்தான் காரணம் என்று அவர் முடிவு செய்திருந்தார். அடிக்காமல் பழகிய நல்ல மனிதர் என்று, சமவெளியில் இதைவிடப் பெரிய வேலை ஒன்றை இவருக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

கிளம்புவதற்கு முந்திய நாள் அவள் என்னிடம் வந்து, தானும் கூட இறங்குவதாகச் சொன்னாள்.

"நான் மலைய விட்டுப் போயிட்டா எம்புள்ளைய அதோட அப்புச்சி ஊட்ல சேத்துக்குவாங்களாமுங்க. ஊரு ஒத்துக்கிச்சு. நான் திரும்பி வரக் கூடாதுங்க, அவ்வளவுதான்."

அந்தப் பெண் எங்கே என்று கேட்டேன். நேற்றே கொண்டுபோய் விட்டுவிட்டதாகச் சொன்னாள். தகப்பனார் வாசலில் நின்று பேத்தியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டாராம். இவளைப் பார்க்காமலே கதவைச் சாத்தினாராம். அதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்தான் அழுதேன்.

தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கு டோலி தூக்க யாரும் வரமாட்டார்கள். நடந்தே இறங்கினோம். புத்தகப் பெட்டியை அவள் தலையில் வைத்துக்கொண்டாள். என் கணவர் அவளுக்குப் பக்கத்தில் நடந்தபடி, கீழே போனால் எவ்வளவோ நல்ல வேலைகள் கிடைக்கும் என்று தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். ஊர் எல்லையில், பாதையின் நடுவில், அந்தக் கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. சிநேகிதி கண்ணில் படவில்லை. எங்கோ மரத்துக்குப் பின்னால் குழந்தை இருமியது. இவள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, கம்பளியை எடுத்துத் தரை ஈரம் படாதபடி ஒரு கிளையில் போட்டாள்.

"பச்சப் புள்ளைக்குக் குளுருமுங்க. எடுத்துக்கட்டும்" என்று என்னிடம் சொன்னாள். மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காரவள்ளியில் வண்டி காத்திருந்தது. பெட்டியை ஏற்றியாயிற்று. என் கணவர் ஒரு மரத்தடியில் தரையில் உட்கார்ந்தார். பழைய புன்னகை வந்துவிட்டது. இப்போது நான் மேனேஜர் இல்லை, நீ வேலைக்காரி இல்லை, என்னிடம் என்ன குறை கண்டாய், மனம் திறந்து சொல் என்று அவளிடம் கேட்டார். அவள் தலையிலிருந்து சும்மாட்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"நின்னுக்கிட்டுச் சொன்னா அது வெறும் பேச்சுங்க" என்றாள்.

"சரி, ஒக்காந்து சொல்லு கண்ணு."

"ஒக்காரலாமுங்க. ஒக்காந்து சொன்னாக் கேக்கறதுக்குச் சனம் வேணுமுங்களே. எனக்கு ஏதுங்க சனம்?"

சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டு, வண்டித்தடத்தில் இறங்கிப் போனாள். எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு நிறைந்திருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான்.

"பாத்தியா" என்றார் என்னிடம். "கடைசியிலயும் என் மேல அவளுக்கு ஒரு குறையுமில்ல."